செவ்வந்தி வாசலுக்கு மட்டும் போட்ட கல்

1. மூங்கிலும் குடையும்

குவாரி சர்வேக்குப் போன முதல் நாள் எனக்கு மூங்கில் கிடைத்தது, செவ்வந்திக்குக் குடை கிடைத்தது. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

செவ்வந்தி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. நாங்கள் இரண்டு பேரும் சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவுக்கு வந்து, ரப்பர் பால் வெட்டிப் பிழைத்தவர்கள். சுனாமி கச்சாலைக் கழுவிக்கொண்டு போனபிறகு கப்பலேறி போர்ட் பிளேர் வந்தோம். தகர ஷெல்ட்டரில் வெந்து கிடந்தோம். பிறகு வண்டூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மலையடிவாரத்தில் எங்கள் சனங்களுக்கு இடம் கிடைத்தது. பழைய தோட்டம் அது. பலா, பாக்கு, மூங்கில் எல்லாம் முன்பே வளர்ந்து நின்றன. எங்கள் வீடும் செவ்வந்தி வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு பெரிய பலாமரம்.

கடல் தின்ற ரோடு, ஜெட்டி, தடுப்புச்சுவர் எல்லாவற்றையும் திரும்பக் கட்ட ஜல்லி வேண்டியிருந்தது. எங்கள் மலையில் குவாரி போடப் போகிறோம் என்றார்கள். போட்டால் அந்த வெட்டு எங்கெங்கே இருந்து கண்ணுக்குத் தெரியும், தெரியாமல் செய்ய என்ன வழி என்று பார்த்துச் சொல்ல மெயின்லேண்டிலிருந்து ஒரு மேடம் வந்தார். "மலைய வேடிக்க பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் கூலிக்கு ஆள் எடுத்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

சூப்பர்வைசர் பீட்டர் சார் தூத்துக்குடிக்காரர். போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் குடியிருந்தார். வேலை தொடங்குமுன் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்:

"குவாரி வந்தா கூடவே நர்சரி ஒண்ணு வரும். மறைப்புக்கு மரம் வளக்கணும்ல. அதுக்கு இந்த ஊர்லேருந்தே ஒரு பொம்பளய மேட்டா போடுவாங்க. மாசச் சம்பளம். வேலய பாத்துதான் பேர் சொல்லுவேன்."

மேட் என்றால் தோட்டத்துக் கங்காணி மாதிரி. எங்கள் வம்சத்தில் யாரும் கங்காணியாக இருந்ததில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், பேர் கூப்பிடுகிறவரைக்கும் கை கட்டி நிற்கிற கூட்டம்தான் நாங்கள். ஒரு நாளாவது நான் பேர் கூப்பிட வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை வந்து உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் பார்த்தேன். செவ்வந்தி முகத்திலும் அதே ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

வேலை என்னவென்றால், குவாரி எதுவரைக்கும் வெட்டப்போகிறார்களோ அந்தக் கோட்டில் மலைமேல் போய் நிற்க வேண்டும். இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி. மேடம் கீழே ரோட்டிலும், படகு ஏறுகிற இடத்திலும், ஊருக்குள்ளும் நின்று பார்ப்பார். துணி தெரிந்தால் நாளைக்கு வெட்டும் அங்கே தெரியும். அப்படி நின்று பார்க்கிற இடத்துக்கு வியூ பாயிண்ட் என்று பேர். மலையில் பெரிய மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. வெறும் புதரும் அட்டையும்தான். அதனால் துணி நன்றாகத் தெரியும்.

மேலே நிற்க நான். மேடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு ஜீப்பில் போக செவ்வந்தி. காரணம், அவளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் ஹிந்தி தெரியும். வாய்தான் திறக்காது.

மேலே என்னோடு நின்ற பீட்டர் சார் கையில் ஒரு வாக்கி டாக்கி. இன்னொன்று கீழே. மேடம் அதைப் பிடித்துப் பேசுவார் என்று பார்த்தால், செவ்வந்தி குரல் வருகிறது.

"அக்கா, எடது பக்கம் தள்ளுங்க. ஓவர்."

தள்ளினேன்.

"இன்னும் தள்ளுங்க. அட, இன்னும்! மூங்கில நேரா புடிங்க, சாமி கும்புட வந்த மாதிரி சாஞ்சி நிக்கறீங்க! ஓவர்."

பீட்டர் சார் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முன்னால் குரலை உயர்த்தாதவள், ஒரு டப்பாவைக் கையில் கொடுத்ததும் என்னை மலை உச்சியில் ஆட்டி வைத்தாள். சாயந்திரம் இறங்கும்போது என் காலில் அட்டை கடித்த ரத்தம். அவள் காலில் சேறு கூட இல்லை. "மேடம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க அக்கா, கூட சமோசா" என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை.

2. ஒன்றும் தெரியாத வீடு

மேடத்தின் திட்டம் இதுதான். கடல் பக்கம், டூரிஸ்ட் போகிற ரோட்டுப் பக்கம் இருக்கிற மேட்டை அப்படியே விட்டுவிடுவது. அந்த மேடு திரை மாதிரி மறைக்கும். அதன் முதுகுப் பக்கம் வெட்டுவது. முதுகுப் பக்கம் இருப்பது நாங்கள். எங்கள் ஊருக்கு ஏற்கெனவே மரங்கள் மறைப்பாக இருக்கின்றன, அதனால் பெரிய பாதிப்பு வராது என்று மேடம் கணக்குப் போட்டிருந்தார். அதைச் சரிபார்க்க வீடு வீடாக வந்தார்.

செவ்வந்தி வாசலில் நின்றபோது பாக்கு மரத்துக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே ஒரு சந்தில் மலை பளிச்சென்று தெரிந்தது. மேடம் படம் எடுத்தார். பீட்டர் சார் ஒரு கல்லை அங்கே பாதி புதைத்து, சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதினார்.

அடுத்தது என் வாசல். முந்தின நாளே சாணம் தெளித்துக் கோலம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி வைத்திருந்தேன். மேடம் வந்தார், நின்றார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்தார். பலாமரம் மலையை முழுசாக மூடிக்கொண்டு நின்றது.

"யஹான் ஸே குச் நஹி திக்தா. பஹுத் அச்சா!" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பது போலச் செவ்வந்தி மொழிபெயர்த்தாள். "இங்கேருந்து ஒண்ணுமே தெரியலயாம் அக்கா. ரொம்ப நல்லதாம்."

நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வரிசையிலேயே கல் கிடைத்தது செவ்வந்தி ஒருத்திக்குத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தகர ஷெல்ட்டரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு கதவிலும் பெயிண்டில் நம்பர் போடுவார்கள். நம்பர் இருந்தால் அரிசி வரும், ஸ்டவ் வரும், கொசுவலை வரும். நம்பர் விட்டுப்போன குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைந்தது. அதனால் எங்கள் சனத்துக்குப் பெயிண்டில் ஒரு நம்பரைப் பார்த்தால் வயிற்றுக்குள் மணி அடிக்கும். ஏதோ வரப்போகிறது, நமக்கு இல்லை என்று.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சு இப்படிப் போனது:

"மல தெரியற வீட்டுக்கெல்லாம் நஷ்ட ஈடாம்."

"ஈடு இல்லயாம். புது வீடே கட்டித் தராங்களாம்."

"ஏன் செவ்வந்தி, ஒனக்குத் தெரியாமயா இருக்கும்? மேடம்கூடவே சுத்தற."

செவ்வந்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கென்னா தெரியும்? நம்பர் போட்டிருக்காங்க. நம்பர்னா சும்மாவா போடுவாங்க?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த நடையை நான் இன்றைக்கும் நடந்து காட்டுவேன்.

அந்தக் கல்லுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவினாள். நான் கண்ணால் பார்த்தேன்.

3. தாவ் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

கல் வேண்டுமென்றால் மலை தெரிய வேண்டும். மலை தெரிய வேண்டுமென்றால் மரம் போக வேண்டும். யார் முதலில் தாவ் எடுத்தார்கள் என்று தெரியாது. தாவ் என்பது இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கிற வெட்டுக்கத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே சத்தம். மூங்கில் புதர் புதராகச் சாய்ந்தது. குலை தள்ளின பாக்கு மரங்களைக்கூட வெட்டினார்கள். மரம் விழ விழ, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வெளியே வந்து கையை நெற்றியில் வைத்து மலையைப் பார்த்து, "தெரியுது, தெரியுது!" என்று கத்தினார்கள்.

என் வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரரை எழுப்பி, அவர் கையில் தாவைக் கொடுத்து, பலாமரத்தடிக்குக் கூட்டி வந்தேன். அவர் ஓங்கவும் இல்லை, அதற்குள் செவ்வந்தி ஓடி வந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கைய எறக்குங்க! இது ரெண்டு வீட்டுக்கும் பொது மரம். எங்க வீட்டுக்காரருக்குப் பாதி இருக்கு."

"ஊரே வெட்டுது. எனக்கு மட்டும் என்னாடி சட்டம்?" என்றேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

"காய்க்கிற மரத்த வெட்டறது பாவம் அக்கா."

"ஒனக்குப் பாவமா பெருசு? என் வாசலுக்கும் கல்லு வந்துருமேன்னுதானே வயிறு எரியுது?"

"யாருக்கு எரியுதுன்னு ஊருக்கே தெரியும். பொகை மூக்கு வழியா வருது, பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தாவை மரத்தடியில் சாத்திவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுக் கூப்புடுங்க" என்று போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு எப்போதுமே தம்பி வீட்டோடு சண்டை ஆகாது. தாவை நானே எடுத்து ஓங்கினேன். அவள் மரத்தை விடவில்லை. அவள் தோளை வெட்டாமல் மரத்தை வெட்ட வழி இல்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் எதற்கு அந்த மரத்தைக் காப்பாற்றினாள் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

4. பாம்பு

இரண்டாவது பார்வைக்கு மேடம் திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. ஜீப் ஊருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. மேடம் இறங்கி, ரோட்டின் நடுவில் நின்று, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். திரும்பின பக்கமெல்லாம் மலை. நடுவில் ஒரே ஒரு பலாமரம்.

அவர் கணக்கு முழுக்க எங்கள் மரங்களை நம்பிப் போட்டது. மரம் இல்லையென்றால் எங்கள் பக்கம் வெட்டவே முடியாது. கடல் பக்கமும் வெட்ட முடியாது. அவர் முகம் வெளுத்துப்போனது. குவாரி நின்றுபோனால் நர்சரியும் இல்லை, மேட் வேலையும் இல்லை என்று பீட்டர் சார் எங்கள் காதில் சொன்னார்.

ஊர் கூடிவிட்டது. ஒவ்வொருவரும் தன் வாசலைக் காட்டி, வாங்க வாங்க என்கிறார்கள்.

"யே ஸப் க்யோன் காட்டா?" என்று மேடம் கேட்டார். இதையெல்லாம் ஏன் வெட்டினீர்கள் என்று.

செவ்வந்தி குடையோடு முன்னால் போனாள். "சாம்ப் பஹுத் ஹோ கயா மேடம்." பாம்பு ரொம்பப் பெருகிவிட்டதாம்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரு ஆள் கையை விரித்துப் பாம்பின் நீளத்தைக்கூடக் காட்டினார். மேடம் நம்பிவிட்டார் போலத் தெரிந்தது. பாவம் என்ற மாதிரி செவ்வந்தியின் தோளைத் தொட்டார்.

அந்தத் தோளைத் தொட்டதுதான். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என் வாயிலிருந்து, எனக்கே தெரியாமல், ஹிந்தி வந்தது.

"ஜூட் ஹை!" பொய் என்று கத்திவிட்டேன். மிச்சமும் ஹிந்தியிலேயே வந்தது: "அவ வீட்டுக்குக் கல்லு போட்டீங்க. எங்க வீட்டுக்குப் போடல. அதான் வெட்டுனாங்க. பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

என் குரலை அவ்வளவு பேர் முன்னால் அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை. மேடம் என்னைப் பார்த்தார், செவ்வந்தி வாசல் கல்லைப் பார்த்தார், அதில் மஞ்சளைப் பார்த்தார். அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பீட்டர் சாரைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"இந்தக் கல்லுக்கு ஈடும் கெடையாது, வீடும் கெடையாது. மேடம் எங்க நின்னு படம் எடுத்தாங்களோ, திரும்ப வரும்போது அதே எடத்துல நிக்கணும். அந்த அடையாளம், அவ்வளவுதான்."

பாம்பின் நீளம் காட்டின ஆள் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கா சார் என் பாக்கு மரம் அத்தனையும் போச்சு?"

மேடம் எழுந்து என்னிடம் வந்தார். பலாமரத்தைக் காட்டினார். இது மட்டும் ஏன் நிற்கிறது?

கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. "அத வெட்ட விடல அவ!" என்று செவ்வந்தியைக் கை நீட்டிக் காட்டினேன். புகார் சொல்லத்தான் காட்டினேன்.

மேடத்தின் கண் அகலமானது. "தும்னே பசாயா?" என்றார். நீயா காப்பாற்றினாய்?

செவ்வந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். குடையை மடக்கினாள். தலையைக் குனிந்துகொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி, "ஜி மேடம்" என்றாள்.

ஊரே தாவ் எடுத்தபோது ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றினவள். மேட் வேலை யாருக்கு என்று பீட்டர் சார் பேர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. என் வாயாலேயே நான் எடுத்துக் கொடுத்தேன்.

5. பேட்ஜ்

மேடம் திட்டத்தை மாற்றினார். இப்போது இரண்டு பக்கமும் மேட்டை விட்டுவிட்டு, நடுவில் கிண்ணம் மாதிரி இறக்கி வெட்டுவது. லாரி போகிற வழியை நேராக விடாமல் வளைத்து விடுவது, அப்போது குவாரி வாசல் வழியாக உள்ளே பார்வை போகாது. மேலே தோண்டின மண்ணை எங்கள் பக்கம் கரையாகக் கொட்டி அதன்மேல் மரம். ஜல்லி உடைக்கிற கிரஷர் ஷெட்டுக்குப் பளபளவென்று நீலத் தகரம் போட்டிருந்தார்கள். அது கடலில் படகிலிருந்தே தெரிகிறது என்று பாசிப்பச்சையில் பெயிண்ட் அடிக்க வைத்தார். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் நின்று பார்த்தார், தெரிந்த வீடு, தெரியாத வீடு எல்லாவற்றுக்கும் கல் போட்டார். எனக்கும் ஒரு கல் வந்தது. எல்லோருக்கும் கிடைத்த பிறகு அதில் என்ன இருக்கிறது.

நர்சரி வந்தது. செவ்வந்திக்குக் காக்கிச் சட்டை, முழங்கால் வரைக்கும் கம்பூட், நெஞ்சில் பேட்ஜ். காலையில் அவள் பேர் கூப்பிடுவாள், நான் கை கட்டி நிற்பேன். என் பேரை மட்டும் கூப்பிடாமல், "அக்கா வந்தாச்சா?" என்பாள். மரியாதையாம். எனக்கு அது இன்னும் எரிந்தது. நான் "வந்தாச்சு கங்காணியம்மா" என்பேன். மற்றப் பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள்.

வேலை எப்படி என்று புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாக வெட்டின கல் வெளிறிப்போய்க் கண்ணைக் குத்தும். தூரத்திலிருந்து முதலில் தெரிவது அந்த வெளிர் நிறம்தான். வெட்டு முடிந்த பெஞ்சில், அதாவது படிப்படியாக விட்ட திட்டில், மண் போட்டுக் கொடி நடுவோம். செங்குத்தான கல்மேல் சாணியும் செம்மண்ணும் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவோம். இங்கத்து மழைக்குச் சீக்கிரமே பாசி பிடித்துவிடும். பாசி பிடித்தால் கல் கறுக்கும், கறுத்தால் காட்டோடு சேர்ந்துவிடும். மண் கரையில் படாக் என்கிற இங்கத்துக் காட்டு மரத்தின் கன்றும் மூங்கிலும் வைப்போம். படாக் மெதுவாக வரும், அதுவரைக்கும் மறைப்புக்கு இடையில் சீமைக்கொன்றைப் போத்து. ஒரு கொம்பை வெட்டி நட்டால் போதும், மழையில் தானே தளிர்க்கும். சிலோன் தோட்டத்தில் நிழலுக்கு எங்கள் சனங்கள் இதைத்தான் நட்டார்கள், அதனால் எங்கள் கைக்குப் பழகின மரம்.

செவ்வந்தி நட்ட வரிசையைவிட என் வரிசை உயரமாக வரவேண்டும் என்று நான் ஒரு வாளி கூடுதலாகவே ஊற்றினேன். வந்தது. மேடம் பார்வைக்கு வந்தபோது என் வரிசையைப் பார்த்து, "வாஹ் செவ்வந்தி!" என்றார்.

6. சந்து

ஊரில் எல்லா வீட்டுக்கு முன்னாலும் பச்சை ஏறி மலை மறைந்தது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. இரண்டு பக்கமும் திரும்பப் பச்சை வந்தும் செவ்வந்தி வாசலில் அந்தப் பழைய சந்து மட்டும் திறந்தே இருந்தது. மற்றவர்கள் வீட்டுக்கு நட உத்தரவு போட்டவள் தன் வாசலில் மட்டும் ஒரு குச்சி நடவில்லை. அதன் வழியாகக் கிண்ணத்தின் எதிர்ச்சுவர் ஒரு துண்டு தெரியும். வெடி வைத்தால் தூசி நேராக அவள் வீட்டுக்குள் போகும். அவள் குடத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாங்கள் கேட்டால், "காத்து வரட்டும்னு விட்டிருக்கேன்" என்பாள். மேடம் முதல் கல் போட்ட இடம், அதை மூட மனசு வராமல் பெருமை காட்டிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன்.

சில வருஷம் கழித்து அவள் மகளின் பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போக வேண்டி வந்தது. கப்பலில் போய், பிள்ளை பிறந்து, மகளைத் தேற்றிவிட்டுத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரைக்கும் மேட் வேலையை நான் பார்க்க வேண்டும் என்று பீட்டர் சார் சொன்னார். காக்கிச் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. பேட்ஜ் குத்தினேன். காலையில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பேர் கூப்பிட்டேன். முதல் நாள் குரல் வரவேயில்லை, "சத்தமா கூப்புடுங்க கங்காணியம்மா!" என்று அவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் வந்தது.

மூன்றாம் நாள் ஒரு கட்டுச் சீமைக்கொன்றைப் போத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சந்தில் நெருக்கமாக நட்டேன். நடுவில் மூங்கில் கிழங்கும் வைத்தேன். நல்ல எண்ணத்தில் நடவில்லை. ஊரில் எந்த வீட்டுக்கும் இல்லாதது அவளுக்கு மட்டும் எதற்கு?

நல்ல மழை. அவள் கப்பலிலிருந்து இறங்கி, ஆட்டோவில் பெட்டியோடு வந்தபோது சந்து பச்சையாக அடைத்துவிட்டது. நான் வேண்டுமென்றே என் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் வாசல மூடிட்டீங்களா அக்கா?"

"மூடுனேன். மேட் வேலயே மூடறதுதானே?"

"நான் ஒரு குச்சி நட மாட்டனா? எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் நடல? கல்ல காட்டி மினுக்கறதுக்கா?"

அவள் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள்.

"மல தெரியற வீடுங்கறதாலதான் அக்கா என்ன முதல்ல பாத்தாங்க. முதல் கல்லு போட்டாங்க. மரத்த காப்பாத்துனது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது என்னிக்காவது வெளிய வந்தா, இந்தச் சந்து ஒண்ணுதான் எனக்குப் புடி. இதையும் மூடிட்டா வேலய ஒங்க கையில குடுத்துருவாங்கன்னு பயம். நீங்க மொறச்சிக்கிட்டே தண்ணி ஊத்தறப்பல்லாம் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஒங்க வரிச எப்பவும் என் வரிசய விட ஒசரமா வருது."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பயந்து, தூசியைத் தின்றுகொண்டு, உடைந்த மலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

"பேட்ஜ் உள்ள ஆணியில மாட்டியிருக்கு, எடுத்துக்க" என்றேன். அவள் எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆனால் அந்தப் போத்துகளையும் பிடுங்கவில்லை. மறுநாள் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

7. புது மேட்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வியூ பாயிண்ட் பார்க்கப் போனால் மலையைப் பார்க்குமுன் அந்த வீட்டுக்காரியிடம், எதற்கு வந்தோம், இந்தக் கல் எதற்கு என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் தெரியாத வீட்டிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாற்காலி போட்டால் உட்காருங்கள். இதைச் செய்யாததால் ஒரு ஊரின் மரம் போயிற்று. அதைத் திரும்ப வளர்க்க எங்களுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

செவ்வந்தியும் நானும் இப்போது வேலைக்குப் போவதில்லை. புது மேட் ஸ்கூட்டியில் வருகிறாள். சின்னப் பெண். பேர் கூப்பிடுவதில்லை, மொபைலில் தட்டிக்கொள்கிறாள். காக்கிச் சட்டை அவளுக்குத் தைத்த மாதிரி இருக்கிறது. நேற்று மண் கரையில் கன்று வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பலாமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம்.

"குழி ஆழம் போதாது" என்றேன்.

"போதவே போதாது அக்கா" என்றாள் செவ்வந்தி. "நடையப் பாருங்க அவ நடைய!"

எழுந்து, இடுப்பில் கை வைத்து, அந்தப் பெண் மாதிரி நடந்து காட்டினாள். கண்ணில் நீர் வர இரண்டு பேரும் சிரித்தோம். நானும் அவளும் ஒன்றாகச் சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.